உதைக்காத கோலி

அவர் எதையும் எறிந்து நான் பார்த்ததில்லை.

இப்படிச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்காது. பஸ் பழுது பார்க்கிற ஒர்க்‌ஷாப்புக்குள் போய்ப் பாருங்கள். ஸ்பானர் பறக்கும், நட்டு பறக்கும், எண்ணெய்த் துணி பறக்கும். வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறவன் கையை மட்டும் வெளியே நீட்டுவான். மேலே நிற்கிறவன் அந்தப் பக்கம் பார்க்காமலே வீசுவான். சாமான் சரியாகப் போய்ச் சேரும். அதுதான் அந்தத் தொழிலின் வேகம். அவர் மட்டும் ஸ்பானரை எடுத்துக்கொண்டு நடந்து வருவார். குனிந்து, நீட்டிய கையில் வைப்பார். வைத்த பிறகும் விட மாட்டார். வாங்குகிறவன் விரலை மடக்கிப் பிடித்துவிட்டானா என்று பார்ப்பார். அவன் முகத்தையும் ஒரு தரம் பார்ப்பார். அப்புறம்தான் தன் கையை எடுப்பார்.

டீக்கடையில் கிளாஸைத் திருப்பிக் கொடுப்பதும் அப்படித்தான். மற்றவர்கள் பலகையில் வைத்துவிட்டுப் போவார்கள். இவர் கடைக்காரர் திரும்புகிற வரைக்கும் காலிக் கிளாஸைப் பிடித்துக்கொண்டு நிற்பார். “வச்சிட்டுப் போங்கண்ணே” என்று கடைக்காரர் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். தலையை ஆட்டுவார், நகர மாட்டார்.

எனக்கு அவரைப் பார்த்த முதல் நாளிலிருந்தே சந்தேகம்தான். நான் ஆள் அளக்கிறவன். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. காரைக்குடிச் சந்தையில் மூட்டை சுமந்தவன், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் வாடகை சைக்கிள் கடை போட்டேன். இன்றைக்கு என் டயர் கடை வாசலில் எத்தனை லாரி நிற்கிறது என்று வந்து பாருங்கள். வாடகை சைக்கிள் விடுகிறவனுக்கு ஆளைப் பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும், இவன் வண்டியைத் திருப்பிக் கொண்டுவருவானா மாட்டானா என்று. தெரியாதவன் அந்தத் தொழிலில் ஒரு மழைக்காலம் தாங்க மாட்டான். நான் தாங்கினேன், வளர்ந்தேன். அப்படிப்பட்ட என் கண்ணுக்கே அவர் பிடிபடவில்லை.

அறுபதுகளின் பாதியில் பர்மாவிலிருந்து நம் ஆட்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்தார்களே, அதில் வந்தவர். பெண்டாட்டி, இரண்டு பெண் பிள்ளைகள். அப்பன் பாட்டன் இந்தப் பக்கத்து மண்தான் என்பார். ஆனால் இவர் பிறந்தது ரங்கூனில். எங்கள் ஊரில் ஒரு பஸ் கம்பெனி இருந்தது. அதன் முதலாளிக்குக் கால்பந்து என்றால் உயிர். சொந்தமாக ஒரு டீம் வைத்திருந்தார். டீமில் ஆடுகிறவனுக்குக் கம்பெனியில் வேலை. ஒருத்தன் கண்டக்டர், ஒருத்தன் கிளீனர், ஒருத்தன் ஒர்க்‌ஷாப். இவர் ரங்கூனில் கோல் கம்பத்துக்கு நடுவில் கோலியாக நின்றவர் என்று கேள்விப்பட்டதும் முதலாளி மைதானத்துக்கு வரச்சொல்லி, நாலு பேரை விட்டு அடித்துப் பார்க்கச் சொன்னார். ஒரு பந்தும் உள்ளே போகவில்லை. அன்றைக்கே ஒர்க்‌ஷாப்பில் வேலை. பஸ் கொட்டகைக்குப் பின்னால் வரிசையாக இருந்த அறைகளில் ஒன்றில் குடியிருக்க இடம்.

இதைக் கவனமாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டீமில் நின்றால் வேலை. வேலை இருந்தால் அறை. டீமைவிட்டு நிறுத்தினால் பெண்டாட்டி பிள்ளைகளோடு தெருவில்தான் நிற்க வேண்டும். அவருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும்.

பந்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அந்தக் காலத்துப் பந்து, தோல் பந்து. உள்ளே பிளாடர். வாயில் கயிறு கோத்துக் கட்ட வேண்டும். காற்றடிக்கப் பம்பு வேண்டும். பம்பு என்னிடம்தான் இருந்தது. நான் காற்றடித்த பந்துதான் எங்கள் ஊர் மைதானத்தில் ஓடியது. முதலாளியே ஆள் அனுப்பி, “பந்து எப்படி இருக்குன்னு கேட்டுட்டு வா” என்பார். என்னைக் கேட்காமல் ஆட்டம் தொடங்காது என்று சொன்னால் அது வீண் பெருமை இல்லை.

ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் பர்மாக்காரர் கடைக்கு வருவார். பந்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். “கொஞ்சம் இறக்குங்கண்ணே” என்பார். எப்போதும் இறக்கத்தான் சொல்வார். ரெஃப்ரி ஒத்துக்கொள்கிற அளவுக்கு நானும் இறக்கிக் கொடுப்பேன். உருட்டுகிறவருக்கு மெத்தென்று இருந்தால்தான் தோது.

ஆமாம், அவர் உருட்டுவார். அதுதான் விவகாரமே.

கோலி என்றால் என்ன செய்ய வேண்டும்? பந்தைப் பிடிக்க வேண்டும். பிடித்ததும் இரண்டடி ஓடி, கையிலிருந்து விட்டு, ஓங்கி ஓர் உதை உதைக்க வேண்டும். பந்து பனை உயரம் போய், நடுக்கோட்டைத் தாண்டி, எதிராளி தலைக்கு மேல் இறங்க வேண்டும். சனம் “ஓ” என்று எழுந்திருக்க வேண்டும். அதைப் பார்க்கத்தானே குன்றக்குடியிலிருந்தும் கோட்டையூரிலிருந்தும் ஆட்கள் சைக்கிள் மிதித்து வந்தார்கள். இவர் பந்தைப் பிடித்ததும் நெஞ்சோடு அணைத்துக்கொள்வார். இங்குட்டுப் பார்ப்பார், அங்குட்டுப் பார்ப்பார். சனம் கத்திக்கொண்டே இருக்கும். கிட்டத்தில் நிற்கிற நம் ஆள் யாராவது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்ததும் கையால் உருட்டிவிடுவார். பந்து கல்லில் மோதாமல், ஏதோ தட்டில் வைத்து நீட்டினது போல அவன் காலடியில் போய் நிற்கும்.

டீக்கடையில் இதைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. இரண்டு கட்சி. உதைக்கச் சொல்கிற கட்சிக்கு ஜவுளிக்கடை வெள்ளைச்சாமி தலைவர். உருட்டினால் தப்பில்லை என்கிற கட்சிக்கு ஆறுமுகம் ஆசாரி. ஆசாரி செட்டிமார் வீடுகளுக்கு நிலை, கதவு செய்கிறவர். பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டே வந்து உட்காருவார்.

“கோலின்னா உதைக்கணும்யா. இவுக என்ன, தொட்டில்ல பிள்ளையப் போடுற மாதிரி போட்டுக்கிட்டு இருக்காக” என்பார் வெள்ளைச்சாமி.

“உதைச்ச பந்து யாருக்குப் போகுது? பாதி அவனுகளுக்குத்தான் போகுது. இவுக கொடுத்தது நம்ம ஆளுக்குல்ல போகுது” என்பார் ஆசாரி.

“எந்த ஆளுக்கு? பின்னாடி நிக்கிற ரெண்டு பேருக்கு. முன்னாடி நிக்கிறவுகெல்லாம் யாரு? பந்தியில எடம் கெடைக்காம நிக்கிறவுகளா?”

கடையே சிரிக்கும். ஆசாரிக்கு மூக்கு சிவந்துபோகும். அவர் கடைசியாக ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். பர்மாக்காரருக்குக் கப்பலில் வரும்போது காலில் அடிபட்டுவிட்டது, முட்டியில் வலு இல்லை, பாவம் உதைக்க முடியாது, அதனால்தான் உருட்டுகிறார் என்பதுதான் அது. யார் சொன்னது என்று கேட்டால், “நடையப் பாத்தாலே தெரியுதுல்ல. மரத்தப் பாத்தா எங்க வைரம் பாஞ்சிருக்குன்னு சொல்றவன்யா நான்” என்பார். பர்மாக்காரரை வைத்துக்கொண்டே ஒருநாள் இதைச் சொன்னார். பர்மாக்காரர் காலிக் கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். பேசாமல் இருக்கிறவனிடம் எதுவோ இருக்கிறது என்பது என் அனுபவம்.

என்னிடம் ஒரே ஒரு தரம் அவர் நாலு வார்த்தை சேர்த்துப் பேசியிருக்கிறார். வாடகை சைக்கிளைத் திருப்ப வந்த நேரம். எல்லோரும் சைக்கிளைத் தூணில் சாத்திவிட்டு, “அண்ணே, வண்டி நிக்குது” என்று குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள். இவர் நான் வந்து ஹேண்டில்பாரைப் பிடிக்கிற வரைக்கும் நிற்பார். எனக்கு எரிச்சல். ஏன் இப்படி நிற்கிறீர்கள், நான் என்ன வண்டி வரவில்லை என்றா சொல்லிவிடப் போகிறேன் என்று கேட்டேன். அவர் சொன்னது இதுதான்:

“ரங்கூன் துறைமுகத்துல தடுப்புக் கட்டியிருந்தாகண்ணே. ஆளுக நெரிசல். மூட்டையத் தடுப்புக்கு அங்குட்டு எறிங்க, நீங்க சுத்தி வந்து எடுத்துக்கலாம்னு ஒருத்தன் சொன்னான். எறிஞ்சோம். சுத்திப் போனோம். மூட்டையும் இல்ல, சொன்னவனும் இல்ல.”

மூட்டையில் என்ன இருந்தது என்று கேட்டேன். “எல்லாம்தான்” என்றார்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆசாரி கண் கலங்கியிருப்பார். எனக்கென்னவோ, யாராவது எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி முன்பின் தெரியாதவன் பேச்சைக் கேட்டு எறிவார்களா என்றுதான் தோன்றியது. மூட்டை சுமந்த எனக்கு மூட்டையைப் பற்றித் தெரியாதா? கதை கொஞ்சம் அளவுக்கு மீறிச் சரியாக இருந்தது.

அதுவரைக்கும் இது வெறும் டீக்கடைப் பேச்சு. எங்கள் ஊரில் வருஷா வருஷம் நடக்கிற கோப்பைப் பந்தயத்தில் ஒரு தோல்வி வந்தது, பேச்சு வேறு மாதிரி ஆகிவிட்டது.

இறுதி ஆட்டம். எதிரே வெளியூர் மில் டீம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடியப்போகிற நேரம். பர்மாக்காரர் பந்தைப் பிடித்தார், அணைத்தார், பார்த்தார். இடது பின்பக்கம் நின்றது முதலாளியின் அக்கா மகன். முறுக்கின மீசையும் மடித்துவிட்ட தலைமயிருமாக நல்ல அழகன். இவர் அவனுக்கு உருட்டினார். அவன் வாங்கவில்லை. எங்கிருந்தோ மில் டீம்காரன் ஒருத்தன் குறுக்கே பாய்ந்து எடுத்தான். அடுத்த மூச்சில் பந்து வலைக்குள்.

சனம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு யாரிடமும் பேசாமல் காரில் ஏறினார்.

அப்போதும் பர்மாக்காரர் காசுக்கு விலை போனார் என்று யாரும் சொல்லவில்லை. கோபம்தான் இருந்தது. சந்தேகம் வந்தது அடுத்த மாதத்தில். ரயிலடி பெஞ்சில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பர்மாக்காரர் ஒருத்தனோடு உட்கார்ந்து பேசுவதை வெள்ளைச்சாமி பார்த்தார். கூட இருந்தது யார்? அன்றைக்குக் குறுக்கே பாய்ந்த அந்த மில் டீம்காரனேதான். அவனும் பர்மாவிலிருந்து வந்தவனாம். பேசுவதும் பர்மா பாஷை. ஒரு வாரம் இல்லை, பல வாரம் வந்தான். வந்து பேசிவிட்டு அடுத்த ரயிலில் போய்விடுவான்.

எங்களுக்குப் பர்மா பாஷை தெரியாது. ஆனால் எங்கள் ஊரில் அது தெரிந்தவர்களுக்குப் பஞ்சமா? தெருவுக்கு ஒரு செட்டியார் ரங்கூனிலோ மோல்மேனிலோ கடை பார்த்துவிட்டு வந்தவர்தான். அதில் ஒருவரைப் பிடித்தோம். எழுபது வயதைத் தாண்டியவர். செட்டிமாரில் இளையாத்தங்குடிக் கோயில் பிரிவுக்காரர். வெள்ளை வேட்டி, வெற்றிலைப் பெட்டி. பெரிய வீட்டில் தனியாக இருந்து சலித்துப்போனவர். கூப்பிட்டதும் குஷியாக வந்தார். பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மாதிரி இருந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டு வரவேண்டும் என்று ஏற்பாடு. நானும் வெள்ளைச்சாமியும் டிக்கெட் ஜன்னல் ஓரம் நின்றுகொண்டோம். ஆசாரியும் வந்தார், எங்கள் மூஞ்சியில் கரி பூசுவதைப் பார்க்கிறேன் என்று.

செட்டியார் ரயில் வந்து போகிற வரைக்கும் அசையவில்லை. பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார் என்பதை அப்புறம்தான் கவனித்தோம். திரும்பி வந்தவர் வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

“மீனப் புளிக்க வச்சு இடிச்சு அங்க ஒரு தொக்குப் பண்ணுவாக. ஙப்பின்னு பேரு. அதுக்கு இங்க எந்த மீன் ஒத்து வரும்னு பேசிக்கிறாக” என்றார்.

“இம்புட்டு நேரமா மீனப் பத்தியா?” என்றார் வெள்ளைச்சாமி.

“சாப்பிட்டுப் பழகுனவனுக்குத் தெரியும்யா. நம்ம சந்தை மீனுல அந்த வாசம் வரலையாம். தொண்டிக் கருவாட்டுல பண்ணிப் பாக்கணும்கிறான் அந்தப் பையன். எனக்கும் அது சரின்னுதான் படுது.”

ஆசாரி வெற்றிச் சிரிப்புச் சிரித்தார். ஆனால் நான் செட்டியார் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணெல்லாம் பளபள என்று இருந்தது. இந்த மனிதரும் பர்மாச் சோறு தின்றவர்தானே. அவர்களைக் காட்டிக்கொடுப்பாரா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கூப்பிடாமலே செட்டியார் ரயிலடிக்குப் போனார். இந்தத் தரம் அதே பெஞ்சில், அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து மூன்று பேருமாகச் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். போயிற்று. எங்கள் ஒற்றரும் அந்தப் பக்கம் சேர்ந்தாயிற்று.

அடுத்த கோப்பையும் வந்தது. மறுபடி இறுதி ஆட்டம், மறுபடி அதே மில் டீம். ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் நாங்கள் நாலைந்து பேர் முதலாளி வீட்டுக்குப் போனோம். வெள்ளைச்சாமி ரயிலடிச் சமாசாரத்தை எடுத்துச் சொன்னார். ஆசாரி முட்டியைப் பற்றிச் சொல்லி மன்றாடினார். முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, “நீ என்னப்பா சொல்ற? உனக்கு ஆளப் பாத்தாத் தெரியுமே” என்றார். முதலாளி என்னைத்தான் கேட்டார், நிறையப் படித்தவர்கள் அங்கே இருந்தும். ஆள் பிடிபடவில்லை, பிடிபடாத ஆளுக்கு வண்டி கொடுத்தால் அது திரும்பி வருகிற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது என்று சொன்னேன்.

முதலாளி பர்மாக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். எங்களை வைத்துக்கொண்டே சொன்னார்.

“நாளன்னைக்கு ஒரு பந்தையும் உருட்டக் கூடாது. உதைக்கணும். ஒண்ணே ஒண்ணு உருட்டுனாலும் அன்னைக்கே அறையக் காலி பண்ணிரு.”

அவர் கையில் எண்ணெய்த் துணி இருந்தது. அதை மடித்தார். “சரி முதலாளி” என்றார். அவ்வளவுதான். முட்டி வலிக்கும் என்றோ முடியாது என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆசாரி வெளியே வந்து, ஒரு குடும்பத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டீர்களே என்று எங்களைத் திட்டிக்கொண்டே வந்தார்.

ஆட்டத்தன்று பர்மாக்காரர் பந்தை எடுத்துப் பார்க்க என் கடைக்கு வந்தார். கட்டைவிரலால் அழுத்தினார். நான் வழக்கம் போல இறக்கக் கயிற்றில் கை வைத்தேன்.

“கொஞ்சம் ஏத்துங்கண்ணே” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. காற்றுக் கூடினால் பந்து பறக்கும் என்பது உதைக்கத் தெரியாதவனுக்கு எப்படித் தெரியும்?

மைதானத்தில் நிற்க இடமில்லை. செம்மண் புழுதி கோடையில் அடுப்புச் சாம்பல் போலக் கிளம்பியது. ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் முதல் பந்து அவர் கைக்கு வந்தது. பழக்கதோஷம், நெஞ்சில் அணைத்தார். இங்குட்டு, அங்குட்டுப் பார்த்தார். சனம் முழுவதும் மூச்சைப் பிடித்தது. ஆசாரி என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பர்மாக்காரர் இரண்டடி வைத்தார். உதைத்தார்.

அந்த உதையை நான் இன்றைக்கு வரைக்கும் வேறு எங்கும் பார்த்ததில்லை. பந்து கிளம்பின சத்தம் மட்டும் முதலில் கேட்டது. அப்புறம்தான் அது எங்கே இருக்கிறது என்று சனம் தேடியது. நடுக்கோட்டைத் தாண்டி, மில் டீம் பின்வரிசையையும் தாண்டி, அவர்கள் கோலி பின்னாலேயே ஓடி விழுந்து பிடிக்க வேண்டியதாயிற்று. மைதானம் எழுந்து நின்றது. “அம்மாடி” என்றார் வெள்ளைச்சாமி. அதற்குப் பிறகு வந்த பந்தெல்லாம் அப்படியே. ஒன்றும் சறுக்கவில்லை. சில பந்து மில் டீமுக்குப் போனது, அவர்கள் திருப்பிக் கொண்டுவந்து அடித்தார்கள், இவரே பாய்ந்து பிடித்தார், மறுபடி உதைத்தார். ஒவ்வொரு உதைக்கும் பிறகு அவர் பந்து போன இடத்தைப் பார்க்காமல் தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டு நின்றார். இதை நான் மட்டும்தான் கவனித்தேன்.

பிற்பாதியில் அவர் உதைத்த பந்து கெட்டித் தரையில் குத்தி எழும்பி மில் டீம்காரன் தலைக்கு மேல் போனது. எங்கள் கிளீனர் பையன் ஓடிப்போய் ஒரு தட்டுத் தட்டினான். கோல். அதுதான் ஆட்டத்தில் ஒரே கோல். கோப்பை எங்களுக்கு.

வெடி போட்டார்கள், மாலை போட்டார்கள். கிளீனர் பையனைத் தோளில் தூக்கினார்கள். சத்தம் அடங்கி எல்லோரும் டீக்கடைக்கு வந்து சேர்ந்த பிறகு பார்த்தால், ஆசாரி ஓரமாக உம்மென்று உட்கார்ந்திருந்தார். கிளாஸைத் தொடவில்லை. கோப்பை வந்த நாளில் என்ன ஆசாரியாரே என்றேன்.

“கால்ல வலு இல்லைன்னு ஊர் பூரா சத்தியம் பண்ணிட்டுத் திரிஞ்சேனே. அவுக முன்னாடியே சொன்னேனே. ஒரு வார்த்தை மறுத்தாகளா?” என்றார். தொடாத கிளாஸைத் தள்ளி வைத்தார். பிறகு, “இப்படி உதைக்கத் தெரிஞ்ச ஆளு, போன வருஷம் ஏன்யா உருட்டுனாக?” என்றார்.

அந்தக் கேள்வியை வெள்ளைச்சாமி கேட்டிருந்தால் எதிர்க்கட்சி என்று விட்டிருப்போம். கேட்டது ஆசாரி. உதைக்க முடியாதவர் உருட்டினால் பாவம். உதைக்க முடிந்தவர் உருட்டினால் அதற்கு என்ன பெயர்? ஒவ்வொருவராக ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். கோப்பை பலகை மேல் இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் ஒர்க்‌ஷாப் முற்றத்தில் முதலாளி வந்து நின்றார். நாங்களும் போயிருந்தோம். முதலாளியின் அக்கா மகனும் பக்கத்தில் நின்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தான்.

“ஏம்ப்பா, இம்புட்டு உதைய இத்தனை நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்த?” என்று முதலாளி சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

“ஒளிக்கல முதலாளி. மனசுக்குப் பிடிக்கல.”

“என்ன பிடிக்கல?”

“உதைச்சா பந்து எங்குட்டுப் போகும்னு தெரியும் முதலாளி. யாருக்குப் போகும்னு தெரியாது” என்றார்.

முதலாளிக்கு அது பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். தலையை ஆட்டினார். அத்தோடு விட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆசாரிதான் முன்னால் வந்தார். நியாயம் கேட்கிற குரலில், சரி, அப்படியே வைத்துக்கொள்வோம், போன வருஷம் உருட்டினது மட்டும் யாருக்குப் போயிற்று, மில் டீமுக்குத்தானே போயிற்று என்று கேட்டார்.

பர்மாக்காரர் முதலாளியின் அக்கா மகனைப் பார்த்தார். அன்றைக்கு மைதானத்தில் பார்த்த மாதிரியே பார்த்தார்.

“அன்னைக்கு இந்தத் தம்பி என் முகத்தப் பாத்துச்சு. அதுனாலதான் விட்டேன். விட்டதுக்கப்புறம் சனத்தப் பாத்துத் திரும்பிருச்சு” என்றார்.

எங்கேயோ ஒரு ஸ்பானர் விழுந்தது. ஒரு வருஷமாக மூடி வைத்திருந்த வாயை அவர் திறந்தது அந்த ஓர் இடத்தில்தான். திறந்தது முதலாளியின் ரத்தத்துக்கு எதிராக. முதலாளி முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாக உள்ளே போயிற்று. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தவர் அன்றைக்கு ஏன் பேசினார், பழியைத் தூக்கி ஏன் ஒரு சின்னப் பையன் தலையில் வைத்தார் என்று நாங்கள் ரொம்ப நாள் பேசினோம். உண்மையாக இருந்தால் ஒரு வருஷம் முன்னாலேயே சொல்லியிருக்கலாமே.

அந்த மாதமே வேறு கோலி வந்துவிட்டான். நல்ல உயரமான பையன். பந்தைப் பிடித்த மாத்திரத்தில் வானத்துக்கு அடிப்பான். சனம் எழுந்து நிற்கும். அதற்கப்புறம் அந்தக் கோப்பை எங்களுக்கு வரவில்லை. ஆனால் உதை என்றால் அது உதை என்று வெள்ளைச்சாமி கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆசாரி பந்து பார்க்க வருவதையே நிறுத்திவிட்டார்.

பர்மாக்காரர் ஊரைவிட்டுப் போன அன்று சாயங்காலம் என் கடைக்கு வந்தார். சாமான் கொண்டுபோய்ப் போடுவதற்காகக் காலையில் எடுத்த சைக்கிளைத் திருப்ப வந்தார். எதிரே மதுரை பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலோரம் அவர் பெண்டாட்டி, மடியில் சின்னவள். பெரியவள் பஸ் படியில் நின்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தேன். கை இரண்டும் தண்ணீர்த் தொட்டிக்குள். “தூணுல சாத்திட்டுக் கெளம்புங்க” என்றேன்.

அவர் சாத்தவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் டியூபைத் திருப்பித் திருப்பி அமுக்கிக்கொண்டிருந்தேன். குமிழி வருகிற இடம் முன்னாலேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் தேடுகிற மாதிரி தேடினேன். ஆள் எத்தனை நேரம் நிற்கிறார், எப்போது வேஷம் கலைகிறது பார்ப்போம் என்று. பஸ்ஸை ஸ்டார்ட் செய்தார்கள். கண்டக்டர் விசில் கொடுத்தார். பெரியவள் “அப்பா” என்று கூப்பிட்டாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

பஸ் நகர ஆரம்பித்தது.

நான் எழுந்து கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஹேண்டில்பாரைப் பிடித்தேன். என் விரல் மடங்குகிறதா என்று பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அப்புறம்தான் விட்டார். விட்டுவிட்டு ஓடினார். பஸ் திரும்புகிற மூலையில் பெரியவள் கை நீட்டியிருந்தாள். அதைப் பிடித்து ஏறியதைப் பார்த்தேன்.

அவர் போனதும் சைக்கிளை நிறுத்தி முழுக்கச் சோதித்தேன். பெல் இருந்தது. டைனமோ இருந்தது. செயின், பெடல், சீட்டுக்குக் கீழே ஸ்பிரிங், எல்லாம் இருந்தது. காலையில் மண்ணோடு போன வண்டி துடைத்துச் சுத்தமாக வந்திருந்தது. ஒரு குறையும் இல்லை.

அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.